செவலை வாலை உரசுகிறாள்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் உரசியிருக்கிறாள். காலையில் போய்ப் பார்த்தால் தூணில் செம்பட்டை மயிர் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கிறது. வால் தொடங்கும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தெரிகிறது, நடுவில் புண்ணாகி நீர் கசிகிறது. வாலைத் தூக்கினால் அதே மஞ்சள் பசை, கிண்ணத்தில் காய்ந்துபோன கஞ்சி மாதிரி. வெந்நீரும் பஞ்சும் கொண்டு துடைத்துவிட்டேன். துடைக்கிற நேரம் மட்டும் செவலை கண்ணை மூடி நிற்கிறாள். ஒரு நாளில் அவளுக்குக் கிடைக்கிற சுகம் அவ்வளவுதான்.

மாடி ஜன்னலில் அத்தை. சவாரி வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற அம்மாக்கள் கீழே நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "மத்த வீட்டு மருமகளுங்க குழந்தைக்குக் கழுவி விடுறாங்க. நம்ம வீட்டு மருமக குதிரைக்குக் கழுவுறா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு பெயர் வைப்பார்.

கல்யாணமாகி ஒன்பது மாதம். பிறந்த வீட்டிலிருந்து நான் கொண்டுவந்தவை இரண்டு பெட்டி, ஒரு சேணம், ஒரு குதிரை. பெட்டிகளைப் பற்றி மட்டும் இந்த வீட்டில் யாருக்கும் புகார் இல்லை.

மார்ச் 5, வியாழன்

பசை மருந்து மூன்றாவது முறை. ஊசி இல்லாத சிரிஞ்சை வாயோரத்தில் விட்டு நாக்கின் மேல் தள்ள வேண்டும். ஆப்பிள் வாசனை போட்டிருக்கிறார்களாம். செவலை அதை நம்புவதில்லை. முதல் இரண்டு முறையும் வீண். கீரிப்பூச்சிதான் என்று எனக்குத் தெரியும். என் அப்பா வீட்டில் ஒரு மட்டக்குதிரைக்கு இருந்தது, ஒரே மருந்தில் போயிற்று. இது போக மாட்டேன் என்கிறது.

அத்தையைக் கேட்டால் அது பூச்சியே இல்லை. "பழக்கதோஷம். செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கா."

ஓரகத்தி ஒத்து ஊதினாள். "ஆமா அத்தை. நம்ம குதிரைங்க எதுவாவது உரசுதா? துரை உரசுறானா?"

துரை அவளுடைய வெள்ளைக் குதிரை. உண்மையில் அத்தையின் சவாரிப் பள்ளிக்குச் சொந்தம். ஆனால் அவளைத் தவிர யாரும் தொடக் கூடாது. போட்டிகளில் கோப்பை வாங்குகிறவன் அவன்தான். வெள்ளை அழுக்காகிவிடும் என்று எந்நேரமும் அவன் வாலுக்குத் துணி சுற்றி வைத்திருப்பாள். அவள் கணவர், என் புருஷனுடைய அண்ணன், கப்பலில் வேலை, எப்போதாவது வருவார். மீதி நாளெல்லாம் அவளுக்குப் புருஷன் துரைதான். இதை எழுதியதற்கு வெட்கப்பட வேண்டும். படவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

செவலையின் அறைச் சுவரில் மின்கம்பி கட்டிவிட்டார்கள். மேய்ச்சல் வேலிக்குப் போடுகிற கம்பி. உயிர் போகாது, சுரீர் என்று அடிக்கும். கட்டியது இவர், என் புருஷன். "அம்மா சொன்னாங்க."

நான் பார்க்கும்போதே ஒரு அடி வாங்கினாள். பின்புறத்தை இழுத்துக்கொண்டு அறை நடுவில் போய் நின்றாள். அரிப்பு எங்கே போகும்? காலை மாற்றி மாற்றி வைத்தாள், வாலைச் சுருட்டினாள், கழுத்தெல்லாம் வியர்த்து நடுங்கினாள். அப்புறம் தாங்க முடியாமல் கம்பிக்கே திரும்பப் போனாள். அடி வாங்கிக்கொண்டே உரசினாள்.

"கழட்டுங்க" என்றேன்.

"ரெண்டு நாள் பாரு. பட்டாத்தான் புத்தி வரும்."

"உங்களுக்கு எத்தனை கம்பி கட்டினா வரும்?"

மிச்சக் கம்பியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். இவரிடம் முதுகெலும்பு தேடுவது குதிரைக்கொம்பு தேடுகிற கதை.

மார்ச் 9, திங்கள்

கம்பியை நானே வெட்டி எறிந்தேன். அத்தை நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. புண்ணியமாய்ப் போயிற்று.

மார்ச் 12, வியாழன்

டாக்டரை வரவழைத்தேன், அத்தையைக் கேட்காமல். சின்ன வயதுப் பெண், பேச்சில் வழவழ கொழகொழ கிடையாது. செல்லோ டேப்பைச் செவலையின் வாலுக்கடியில் ஒட்டி எடுத்து, கண்ணாடித் துண்டில் பதித்து, காரில் வைத்திருந்த மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். ஒரு பக்கம் சப்பையான முட்டைகள், எண்ணி மாளாது. தாய்ப்புழு குடலிலிருந்து வெளியே வந்து தோலின் மேல்தான் முட்டையிடுமாம். அதனால் சாணத்தைச் சோதித்தால் தெரியாது. அந்தப் பசைதான் அரிக்கிறது. அது காய்ந்து உதிர்ந்தால் தீனியில், தண்ணீரில், சுவரில் எங்கே வேண்டுமானாலும் ஒட்டும். குதிரை அதைத் தின்றால் மறுபடி முதலிலிருந்து.

"நீங்க குடுத்த மருந்து இதுக்குப் பழகிப்போச்சு, இனிமே சாகாது" என்று வேறு மருந்து எழுதிக் கொடுத்தாள். துடைக்கிற துணியைத் துடைத்த கையோடு எரிக்க வேண்டும். வாளி, சீப்பு, தூண் எல்லாம் கழுவ வேண்டும். "எல்லாக் குதிரைக்கும் டேப் ஒட்டிப் பாக்கணும். எல்லாத்துக்கும் ஒரே நாள்ல மருந்து குடுக்கணும். இல்லேன்னா ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற மாதிரிதான்."

அதற்குள் அத்தை இறங்கி வந்துவிட்டார். "எங்க குதிரைங்களுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க இவ குதிரையை மட்டும் பாருங்க." மாதவாடகைக்குத் தங்கள் குதிரைகளை இங்கே விட்டுவைத்திருக்கிற வெளியாட்கள் இருக்கிறார்கள். டேப் ஒட்டுவதை அவர்களில் ஒருத்தர் பார்த்தாலும் கதை கந்தல். அத்தையின் பயம் எனக்குப் புரிகிறது. புரிந்து நான் என்ன செய்ய?

கிளம்பும்போது டாக்டர் கேட்டாள், குதிரை இந்த வீட்டுக்கு எப்போது வந்தது என்று. ஜூனில் என்றேன். உரச ஆரம்பித்தது? ஜனவரியில்.

"முட்டை உள்ள போய்ப் பெரிய புழுவாக அஞ்சு மாசம் ஆகும். கொண்டு வந்திருந்தா முன்னாடியே உரசியிருக்கும். இது இங்கதான் தின்னிருக்கு."

அத்தைக்குக் கேட்கட்டும் என்று அதை உரக்கத் திருப்பிச் சொன்னேன். "ஆமாமா, எங்க வீட்டுத் தீனி உன் குதிரைக்கு ஒத்துக்கல" என்றார்.

மார்ச் 13, வெள்ளி

அத்தை தவணை போட்டுவிட்டார். ஏப்ரல் 12 சவாரிப் போட்டி. அதுவரை செவலை பின்பக்கக் கொட்டகையில் தனியாக நிற்க வேண்டும். போட்டி முடிவதற்குள் வால் ஆறி மயிர் முளைத்தால் இருக்கலாம். இல்லையென்றால் விற்றுவிடுவார்.

"வாலு இல்லாததை யாரு வாங்குவா? கசாப்புக்காரன்தான் வாங்குவான்" என்று ஓரகத்தி சாப்பாட்டு மேஜையில் சொன்னாள், தண்ணீர் ஜாடியை என் பக்கம் தள்ளிக்கொண்டே. இவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் ஒன்றும் இல்லை.

செவலை பிறந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அவள் முதல் தடவை எழுந்து நிற்க முயன்று என் மடியில் விழுந்தாள். அவளை விற்பார்களாமே. விற்கட்டும், பார்க்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

கல்யாணத்துக்கு அத்தையின் தங்கை பூப்போட்ட துண்டுகள் கொடுத்திருந்தார், ஒரு பெட்டி நிறைய. இன்று எல்லாவற்றையும் நாலு நாலாகக் கிழித்தேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. துடைத்ததும் தகர டப்பாவில் போட்டு நெருப்பு. இவ்வளவு உபயோகமான பரிசு வேறு யாரும் தரவில்லை.

மார்ச் 21, சனி

உரசவில்லை! தூண் சுத்தமாக இருக்கிறது. புண் காய்ந்து பொருக்குக் கட்டியிருக்கிறது. என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனாள். தோள் மரத்துப்போகிற வரைக்கும் நின்றேன்.

மார்ச் 30, திங்கள்

மறுபடியும். பொருக்கையெல்லாம் பெயர்த்து ரத்தமாக்கி வைத்திருக்கிறாள்.

டாக்டரிடம் போனில் கத்தினேன். அவள் கத்தவில்லை. குடலில் இருந்த குஞ்சுகள் இப்போது வளர்ந்து வெளியே வருகின்றனவாம். அதற்கும் மருந்து உண்டு. "ஆனா அது பெரிசில்ல. எங்கிருந்தோ தினமும் முட்டை உள்ள போய்க்கிட்டே இருக்கு. அதைக் கண்டுபிடிங்க. அது வரைக்கும் நான் மருந்து எழுதிட்டே இருக்கலாம், நீங்க குடுத்துட்டே இருக்கலாம்."

எங்கிருந்து? அவளைத் தனியாக வைத்தாயிற்று. வாளி தனி, சீப்பு தனி, தண்ணீர்த் தொட்டி தனி. தூணைச் சோடா போட்டு நானே தேய்க்கிறேன். இன்னும் என்னதான் பாக்கி இருக்கு? தீனி மட்டும்தான் பொது.

ஏப்ரல் 2, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

வழக்கமாக நான் போகாத நேரம், பிற்பகல், தீவன அறைக்குப் போனேன். ஜன்னலோரத்தில் ஓட்ஸ் கொட்டி வைக்கிற பெரிய மரப்பெட்டி. அதன் மூடிதான் அந்த அறையில் வெளிச்சம் விழுகிற ஒரே சமதளம். ஓரகத்தி அதன் மேல் துரையின் சவுரியை விரித்துப் போட்டுச் சீவிக்கொண்டிருந்தாள்.

ஆமாம், குதிரைக்குச் சவுரிதான். வெள்ளைக் குதிரைமயிரில் கட்டினது, போட்டியன்று அவன் வாலோடு சேர்த்துப் பின்னிக் கட்டுவாள். தண்ணீர் பட்டால் மினுமினுப்பு போய்விடும் என்று வாங்கின நாளிலிருந்து அதைக் கழுவியதே இல்லை. உதறுவாள், சீவுவாள், பையில் போட்டுத் தொங்கவிடுவாள். இன்று சீப்பு இறங்க இறங்கச் செதில் செதிலாக உதிர்ந்தது. சாம்பல் நிறம், ஓரத்தில் லேசாக மஞ்சள். சீவி முடித்துவிட்டு மூடியைப் பாதி தூக்கி, அதன் மேல் கிடந்ததைப் புறங்கையால் தள்ளினாள். பாதி தரையில் விழுந்தது. பாதி ஓட்ஸுக்குள்.

"என்ன அப்படிப் பாக்குற? சவுரியைப் பாத்ததில்லையா? உன் குதிரைக்கும் ஒண்ணு வாங்கலாம். ஆனா கட்டறதுக்கு வால்னு ஒண்ணு வேணுமே" என்றாள்.

நான் ஒரு வாளி ஓட்ஸ் அள்ளிக்கொண்டு வந்தேன். அதை அப்படியே குப்பையில் கொட்டினேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

ஓரகத்தி வகுப்பெடுக்கப் போனதும் துரையின் அறைக்குள் நுழைந்து வாலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தேன். எலிவால். மேலே கறுத்த தோல், அங்கங்கே கட்டை மயிர், அதன் மேல் சுண்ணப்பொடி தடவி வெள்ளையாக்கி வைத்திருக்கிறாள். தூக்கிப் பார்த்தேன். காய்ந்த கஞ்சி. செவலையிடம் இருப்பதைவிடப் பழசு, அடை அடையாக. பாவம், அவன் சுவரில் உரச முடியாதபடி குட்டைக் கயிற்றில் கட்டியிருக்கிறாள்.

ராத்திரி சாப்பிடும்போது இவரைக் கேட்டேன், துரைக்கு ஏன் சவுரி என்று. "ரெண்டு வருஷம் முன்னாடி வால் அடர்த்தி குறைஞ்சுது. வயசாகுதில்ல?" என்றார். ரெண்டு வருஷம்! அப்போது நான் இவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

அவளுக்குத் தெரியும். என் குதிரைக்குக் கம்பி கட்டியபோதும் தெரியும். கசாப்புக்காரன் என்று சொன்னபோதும் தெரியும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இந்த வீட்டில் மூத்த மருமகள் உடைத்தாலும் மண்குடம்தான், இளையவள் வந்து கால் வைத்ததும் பொன்குடம்.

ஏப்ரல் 4, சனி

காலையில் சொல்லிவிடுவது என்று மாடிப்படி ஏறினேன். பாதியில் நின்றுவிட்டேன்.

சொன்னால் என்ன நடக்கும்? அத்தை கதவைச் சாத்துவார். மூன்று பேரும் குசுகுசுவென்று பேசுவார்கள். சவுரியை எரிப்பார்கள், துரைக்கு மருந்து கொடுப்பார்கள், வெளியே ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. "தெரியாம நடந்துடுச்சு, விடு" என்று என்னிடம் சொல்வார்கள். அவ்வளவுதான். ஜனவரியிலிருந்து நானும் செவலையும் பட்டதற்கு அவ்வளவுதானா?

போட்டிக்கு எல்லோரும் வருவார்கள். நடுவர்கள், மற்றப் பள்ளிக்காரர்கள், ஜன்னலுக்குக் கீழே நின்று சிரித்த அம்மாக்கள். சவுரியைக் கட்டுகிற நூலை யார் வேண்டுமானாலும் தளர்த்தலாம்.

தவணை போட்டி முடியும் வரை இருக்கிறது. அன்று சாயங்காலம் சொன்னால் போதும்.

ஏப்ரல் 7, செவ்வாய்

செவலைக்கு மட்டும் வெளியிலிருந்து தனி மூட்டை ஓட்ஸ் வாங்கிவிட்டேன். மற்றக் குதிரைகள் பெட்டியிலிருந்து தின்கின்றன. நாலாவது அறையில் நிற்கும் கறுப்புக் குதிரை இன்று கதவில் பின்புறத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே போனேன்.

ஏப்ரல் 9, வியாழன்

புண் பெரிதாகிவிட்டது. ஈ மொய்க்கிறது. களிம்பு போடப் போனால் உதைக்க வருகிறாள், என்னை! இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் காலைத் தூக்கினதில்லை.

இன்னும் மூன்று நாள் பொறுத்துக்கொள்ளடி.

ஏப்ரல் 11, சனி

நாளைக்கு. அத்தை போட்டிக்கு வரவில்லையாம், முழங்கால் வலியாம். இவரும் அம்மாவுக்குத் துணையாக வீட்டில். ஓரகத்திக்கு உதவிக்கு நான் போக வேண்டுமாம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

ஏப்ரல் 12, ஞாயிறு

முதலில் நல்லதை எழுதுகிறேன். எழுதினால்தான் அது நல்லதாக இருந்ததா என்று தெரியும்.

துரைக்குச் சவுரியைக் கட்டிவிட்டு அவள் உடை மாற்றப் போனாள். நூலின் முடிச்சை அவிழ்த்து ஒரே ஒரு சுருக்குப் போட்டுவிட்டேன். கூட்டத்துக்கு நடுவே மணல் வட்டத்துக்குள் அவள் நுழைந்தபோது கைதட்டினார்கள். இரண்டாவது சுற்றில், சரியாக நடுவர்களின் மேஜைக்கு முன்னால், வால் கழன்று விழுந்தது. துரை பின்னங்காலால் அதை மிதித்து மிரண்டான். அவளுக்குத் தெரியாது, தலையை நிமிர்த்திக்கொண்டு, மொட்டை எலிவாலை ஆட்டும் குதிரையில், சிரித்த முகமாய் இன்னொரு சுற்று வந்தாள். முதலில் ஒரு குழந்தைதான் சிரித்தது. அப்புறம் எல்லோரும். ஒரு நடுவர் சவுரியைக் குச்சியால் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

எனக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு குளிர்ச்சி இந்த வீட்டுக்கு வந்து ஒரு நாளும் இருந்ததில்லை. திரும்பி வரும்போது வண்டியில் அவள் சவுரியை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

பின்பக்கக் கொட்டகை காலி.

வைக்கோல் கூட்டி அள்ளப்பட்டிருந்தது. தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். இவர் வாசலில் நின்றார். "சாயங்காலமா சொல்லலாம்னு இருந்தேன்."

"எங்க?"

"அம்மாதான் ஏற்பாடு பண்ணாங்க. ஒரு வண்டிக்காரரு. எந்த ஊருன்னு எனக்கே தெரியாது. நீ வீட்ல இருந்தா அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுவேன்னு..."

"இன்னைக்கு முடியலையே! போட்டி முடிஞ்சாத்தானே—"

"போட்டி முடிஞ்சா என்ன, முடியாட்டி என்ன? வால் முளைச்சிடுமா?"

மேலே எழுத வரவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

எல்லாவற்றையும் சொன்னேன். அத்தையின் அறையில், ஓரகத்தியை வைத்துக்கொண்டு. தீவனப் பெட்டி, சவுரி, செதில், சுண்ணப்பொடி. அத்தை ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "சரி. இப்ப என்ன பண்ணணும்?" என்றார், குழாய் ரிப்பேர்க்காரனிடம் கேட்பது போல.

"செவலையைத் திருப்பிக் கொண்டு வாங்க."

"அது போயாச்சு. கெட்ட பழக்கம் ஒண்ணு இருக்கு, கண்டிச்சா சரியாயிடும்னு சொல்லித்தான் குடுத்திருக்கேன். இப்ப போய் நோய்னு சொன்னா அவன் ஊரெல்லாம் தமுக்கடிப்பான். மிச்சக் குதிரைக்கு வழி சொல்லு."

வெளியே வராந்தாவில் ஓரகத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது. "எப்ப கண்டுபிடிச்ச?"

போன வாரத்துக்கு முந்தின வாரம் என்றேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா உன் குதிரை இங்க நின்னிருக்கும். நான் ரெண்டு வருஷம் வாயை மூடிட்டு இருந்தேன்னா, துரை போனா இந்த வீட்ல என்னை எவளும் சீந்த மாட்டா. புருஷன் கடல்ல. எனக்கு வேற வழி இல்ல. உனக்கு என்னடி வந்துச்சு? உன் குதிரைதானே அது?"

அறைந்துவிட்டேன். அவள் திருப்பி அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

ஏப்ரல் 18, சனி

வெளியாட்கள் வராதபடி, பெயின்ட் வேலை என்று வாசலில் பலகை மாட்டிவிட்டு எல்லாக் குதிரைக்கும் டேப். துரை, கறுப்பு, இன்னும் ஐந்துக்கு இருக்கிறது. சவுரியையும் தீவனப் பெட்டியையும் சேர்த்து வைத்து எரித்தோம். குதிரைமயிர் எரிகிற நாற்றம் மாடி வரைக்கும். ஓரகத்தி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். தீவன அறைச் சாவியை அத்தை என்னிடம் கொடுத்தார்.

மே 6, புதன்

சந்தையில் மூன்று தரகர்களைக் கேட்டேன். செம்பட்டை, வால் புண், நெற்றியில் அடையாளம் ஒன்றும் இல்லை. ஒருவன் சிரித்தான்: "அந்த மாதிரி வாரத்துக்கு நாலு வருதும்மா." கேட்டுவிட்டு வருகிற வழியில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அன்று படிக்கட்டில் நிற்காமல் இன்னும் ஆறு படி ஏறியிருக்கலாம்.

ஜூன் 21, ஞாயிறு

வாலில் துணி சுற்றுவது இனி இந்த லாயத்தில் கிடையாது. ஒவ்வொரு குதிரைக்கும் தனி வாளி, தனி நிறம். சுவர்களை வாரம் ஒரு முறை கொதிநீர் பீய்ச்சிக் கழுவுகிறோம். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இப்படி எல்லாரும் செஞ்சா எனக்கு வேலையே இருக்காது" என்றாள்.

இந்த வாரம் செவலையைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. வேலை அதிகம்.

ஜூலை 15, புதன்

லாயக்காரர் ஒரே துணியால் இரண்டு குதிரைகளுக்குத் துடைத்ததைப் பார்த்தேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றேன். பதினெட்டு வருஷமாக இங்கே இருக்கிறாராம். மனைவி வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கதவைச் சாத்தினேன். அத்தை மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது, "நீ இருக்கிறவரைக்கும் எனக்குக் கவலை இல்ல" என்றார். இவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 28, வெள்ளி

எல்லா டேப்பும் சுத்தம், இரண்டாவது முறையாக. சான்றிதழைக் கண்ணாடி போட்டு அலுவலகத்தில் மாட்டியாயிற்று. போட்டியில் குச்சியால் சவுரியைத் தூக்கின அதே நடுவர் தன் இரண்டு குதிரைகளை இங்கே விட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். "இந்தச் சுத்தம் வேற எங்கயும் பாக்கலைம்மா" என்றார். தலை ஆட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 8, வியாழன்

மத்தியானம் அலுவலகத்தில் போன் அடித்தது. நான் மட்டும்தான் இருந்தேன். அத்தை மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார், இவர் வைக்கோல் எடுக்கப் போயிருந்தார். யாரும் பக்கத்தில் இல்லை. இதை எழுதி வைக்க வேண்டும்.

பேசியவர் குதிரைவண்டி வாடகைக்கு விடுகிறவராம். ஏப்ரலில் இங்கிருந்து ஒரு செம்பட்டைக் குதிரை வாங்கினாராம்.

"நல்லா இழுக்குதும்மா, கொறை சொல்ல மாட்டேன். ஆனா வாலை உரசி உரசி எலும்பு தெரியுது. கட்டிப் போட்டுப் பாத்தேன், அடிச்சும் பாத்தேன். இப்ப என் மத்த மூணு குதிரையும் ஆரம்பிச்சிருக்கு. அங்க இருக்கும்போது எதாவது நோய் இருந்துச்சா? இருந்தா சொல்லிடுங்க. நான் சண்டைக்கெல்லாம் வரல. நாளைக்கே கொண்டாந்து விட்டுட்டுப் போயிடறேன்."

அவருக்குப் பின்னால் எங்கோ ஒரு குதிரை கனைத்தது. அது செவலையா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆமாம் என்று ஒரு வார்த்தை. நாளைக்கு வாசலில் வண்டி வந்து நிற்கும். பின்பலகை இறங்கும். நடுவரின் குதிரைகள், அம்மாக்கள், வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் பார்க்க, வால் இல்லாமல் ஒரு குதிரை இறங்கும். எங்கிருந்து வந்தது, ஏன் போனது, அதற்கு என்ன நோய் என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். சாவிக்கொத்து மேஜையில் என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. மருந்தின் பெயரையாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்பார்.

"இங்க அப்படி எதுவும் இல்லைங்க. எங்ககிட்ட இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

அவர், "அப்ப இது திமிருதான். சரிம்மா, நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் அத்தை கேட்டார், மத்தியானம் யார் போன் என்று. தீவனக் கடைக்காரர் என்றேன். துரைக்கு வால் முழங்கால் வரைக்கும் வளர்ந்துவிட்டது. நாளைக்குச் சீவிவிட வேண்டும்.